ஃபயர் ரோட்டில் நாலு நாள் சைக்கிள் பயணம்: கிலோமீட்டரை விட்டுவிட்டு எதை எண்ணுவது?

பைக்பேக்கிங் என்று யாராவது ஆரம்பித்தால், பேச்சு பத்து நிமிடத்தில் பைகளில் போய் நின்றுவிடும். எந்தக் கூடாரம் எத்தனை கிராம், சீட்டுக்குப் பின்னால் கட்டும் பை ஆடுமா ஆடாதா, டைட்டானியம் டம்ளர் அவசியமா. அதைத் தாண்டி வந்தால் அடுத்த கேள்வி, "ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் போகலாம்?" ஞாயிற்றுக்கிழமை காலையில் தார்ச் சாலையில் 80 கி.மீ. ஓட்டிப் பழகியவர், மலை என்பதால் தாராளமாகக் குறைத்து 60 என்று வைத்துக்கொள்வார். வரைபடத்தில் 60 கி.மீ.க்கு ஒரு புள்ளி, அங்கே கூடாரம். மறுநாளுக்கும் அப்படியே. முதல் நாள் பொழுது சாயும்போது அந்தப் புள்ளி இன்னும் இரண்டு முகடு தள்ளி இருக்கும், பாட்டில் காலியாக இருக்கும்.

பை பற்றிய கேள்வியில் தப்பில்லை, அது கடைசிக் கேள்வி, அவ்வளவுதான். மலைக்காட்டு மண் சாலையில் ஒரு நாளின் நீளத்தைத் தீர்மானிப்பவை இரண்டு: எவ்வளவு உயரம் ஏறுகிறோம், தண்ணீர் எங்கே இருக்கிறது. இந்த இரண்டும் ஏன் அப்படி என்பதை, முதல்முறை போக நினைப்பவருக்குப் புரியும்படி சொல்லிப் பார்க்கிறேன். சைக்கிள்தான், மோட்டார் பைக் அல்ல. மூட்டை முடிச்சைச் சைக்கிளிலேயே கட்டிக்கொண்டு, வழியில் கூடாரம் போட்டுத் தங்கி, பல நாள் போகும் பயணத்தைத்தான் பைக்பேக்கிங் என்கிறார்கள். உதாரணங்களை அமெரிக்காவின் மேற்கு மலைகளிலிருந்து எடுக்கிறேன். இந்த வகைச் சாலைகள் அங்கேதான் கொட்டிக் கிடக்கின்றன.

## யாருக்காகப் போட்ட சாலை?

ஃபயர் ரோடு என்பது காட்டுத் தீயை அணைக்க ஆட்களும் தண்ணீர் வண்டியும் உள்ளே போவதற்காக மலையில் வெட்டிய மண் சாலை. இதை மனதில் வைத்துக்கொண்டால் மீதியில் பாதி தானாகப் புரியும். ஒரு ஊரை இன்னொரு ஊரோடு சேர்க்கப் போட்ட சாலை அல்ல இது. போகிறவர் சுகமாகப் போகட்டும் என்று போட்டதும் அல்ல.

1910 ஆகஸ்டில் ஐடஹோ, மொன்டானா மாநிலங்களில் இரண்டே நாளில் சுமார் 30 லட்சம் ஏக்கர் காடு எரிந்தது. 1905இல்தான் தொடங்கியிருந்த அமெரிக்க வனத்துறை அந்த அடியை மறக்கவே இல்லை. எந்தத் தீயையும் உடனே அணைத்தாக வேண்டும் என்பது கொள்கையாயிற்று. 1935 வாக்கில், தீ கண்ணில் பட்ட மறுநாள் காலை பத்து மணிக்குள் அது கட்டுக்குள் வர வேண்டும் என்று விதியே போட்டார்கள். பத்து மணிக்குள் அணைக்க வேண்டுமானால் அதற்குமுன் அங்கே போய்ச் சேர வேண்டுமே! பொருளாதார மந்த காலத்தில், 1933 முதல் 1942 வரை, வேலையில்லா இளைஞர்களை லட்சக்கணக்கில் அரசு முகாம்களில் சேர்த்தது. அவர்கள் செய்த வேலைகளில் ஒன்று மலைகளில் சாலை வெட்டுவது. பின்னால் மரம் வெட்டும் லாரிகளுக்காகவும் சாலைகள் பெருகின. இன்று அமெரிக்கத் தேசியக் காடுகளுக்குள் இருக்கும் சாலைகளின் மொத்த நீளம் சுமார் 6 லட்சம் கி.மீ.

பிறந்த காரணம்தான் சாலையின் குணம். தீ முகட்டில் வேகம் குறையும், முகட்டிலிருந்து பார்த்தால் புகை தெரியும், ஆகவே ஃபயர் ரோடு பெரும்பாலும் முகட்டை ஒட்டியே ஓடும். காட்சி பிரமாதமாக இருக்கும். ஆனால் தண்ணீர் பள்ளத்தில்தானே ஓடும்? அது உங்களுக்கு 300 மீட்டர் கீழே, புதருக்கு அப்பால் சத்தம் மட்டும் காட்டிக்கொண்டிருக்கும். இரண்டாவது, லாரிக்கு முதல் கியர் உண்டு, மனிதனுக்கு இல்லை. 10, 12 சதவீதச் சரிவுகள் (100 மீட்டர் முன்னேற 10, 12 மீட்டர் உயர்வது) சர்வ சாதாரணமாக வந்து நிற்கும். மூன்றாவது, மரம் வெட்டப் போட்ட கிளைச் சாலைகள் மரம் தீர்ந்த இடத்தில் தீர்ந்துவிடும். வரைபடத்தில் அது அடுத்த சாலையைத் தொட்டுவிடும் போலத் தெரியும். நேரில் போனால் மண்மேடும் முட்செடியும்.

சந்தியில் நிற்கும் பழுப்பு நிறப் பலகையைக் கவனிக்கப் பழகுங்கள். சாலை எண் படுக்கைவாட்டில் எழுதியிருந்தால் சாதாரணக் கார் போகக்கூடிய சாலை. ஒல்லியான கம்பத்தில் எண்கள் மேலிருந்து கீழாக, ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தால், தரையிலிருந்து உயரமான வண்டிகளுக்கு மட்டுமேயான சாலை, அதாவது கல்லும் குழியும். அன்றைக்கான நேரக் கணக்கை அந்த இடத்திலேயே திருத்திக்கொள்ளலாம்.

இதுவரை சொன்னது: ஃபயர் ரோடு தீயணைப்பு வண்டிக்கானது. அதனால்தான் முகட்டில் ஓடுகிறது, செங்குத்தாக ஏறுகிறது, சில இடங்களில் காரணம் சொல்லாமல் முடிந்துவிடுகிறது.

## சிலிண்டரும் மூன்றாவது மாடியும்

கேஸ் சிலிண்டர் போட வருபவரைக் கவனித்திருப்பீர்கள். ஏறக்குறைய முப்பது கிலோ சாமான். வண்டியிலிருந்து இறக்கி, சாய்த்து, அடிவிளிம்பில் உருட்டிக்கொண்டே சந்து முழுக்க வந்துவிடுவார். வண்டி தெருமுனையில் நின்றாலும் பெரிதாக முணுமுணுக்க மாட்டார். மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை என்றால்தான் பேச்சு மாறும், கூலி ஏறும். சமதரையில் உருட்டுவது ஒரு வேலை, உயரத்துக்குத் தூக்குவது முற்றிலும் வேறு வேலை.

சைக்கிள் என்பது உருட்டுவதை மிகமிக மலிவாக்கிய இயந்திரம். தூக்குவதை அது ஒரு பைசாகூட மலிவாக்கவில்லை. ஓட்டுபவர் 70 கிலோ, சைக்கிள் 14, பைகளும் சாமானும் 10, தண்ணீரும் சாப்பாடும் 6 என்று வைத்தால் மொத்தம் 100 கிலோ. இதை 1,000 மீட்டர் உயர்த்த 980 கிலோஜூல் வேலை தேவை. நீங்கள் எவ்வளவு திறமையாக மிதித்தாலும், எவ்வளவு விலை கொடுத்துச் சைக்கிள் வாங்கியிருந்தாலும், இதில் குறைப்பு கிடையாது. அதே 980 கிலோஜூலைச் சரளைச் சமதரையில் செலவழித்தால், காற்றுத் தடையை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், 60 கி.மீ.க்கு மேல் உருண்டுவிடலாம். அதனால்தான் "60 கி.மீ." என்ற எண் தனியாக எதையும் சொல்வதில்லை. அதற்குள் 1,500 மீட்டர் ஏற்றம் ஒளிந்திருந்தால் வேலை இரண்டு மடங்குக்கும் மேல்.

இனி நேரம். வாட் என்பது வேலை செய்யும் வேகம், நொடிக்கு ஒரு ஜூல் என்றால் ஒரு வாட். போட்டி வீரர் அல்லாத ஒருவர், நாலு நாள் தொடர்ந்து, மறுநாளைக்கும் கால் மிச்சம் இருக்கும்படி மிதித்தால் 100 வாட் அளவில் தாக்குப்பிடிக்கலாம். அந்த வேகத்தில் 1,000 மீட்டர் தூக்க மட்டும் ஏறத்தாழ 2 மணி 45 நிமிடம் ஆகும். சக்கரம் சரளையில் உருள்வதற்கான செலவு தனி.

ஒவ்வொரு முறையும் ஜூல் கணக்குப் போட முடியாது. சுருக்கமாக இப்படி வைத்துக்கொள்ளலாம்: 20 கி.மீ.க்கு ஒரு மணி நேரம், அதோடு 400 மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு மணி நேரம், இரண்டையும் கூட்டுங்கள். 60 கி.மீ., 1,500 மீட்டர் என்றால் 3 மணியும் 3¾ மணியும் சேர்ந்து கிட்டத்தட்ட 7 மணி நேர மிதி. நிற்பது, சாப்பிடுவது, தண்ணீர் பிடிப்பது, பாதை தவறித் திரும்பி வருவது எல்லாம் சேர்ந்தால் விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை சரியாகப் போய்விடும். நடப்பவர்களுக்கு இதே மாதிரி ஒரு கணக்கை 1892லேயே ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் சொல்லிவிட்டார்: 3 மைலுக்கு ஒரு மணி, 2,000 அடி ஏற்றத்துக்கு இன்னொரு மணி. தூரத்தையும் உயரத்தையும் தனித்தனியாக எண்ணிக் கூட்ட வேண்டும் என்பது மலைக்காரர்களுக்குப் பழைய சங்கதி. சைக்கிள்காரர்கள்தான் கொஞ்சம் தாமதம்.

இந்தக் கணக்கு பைச் சண்டையையும் முடித்துவைக்கும். கூடாரத்தில் 300 கிராம் மிச்சப்படுத்தினால் 1,000 மீட்டர் ஏற்றத்தில் உங்களுக்கு மிச்சமாவது அரை நிமிடம். நாலு லிட்டர் தண்ணீர் கூடுதலாகச் சுமந்தால் செலவாவது ஆறேழு நிமிடம். பல ஆயிரம் ரூபாய் கொடுத்து அரை நிமிடம் வாங்குகிற அதே ஆள், கனமாக இருக்கிறது என்று ஒரு லிட்டர் தண்ணீரைக் கீழே கொட்டிவிட்டுப் போவதை என்னவென்று சொல்வது?

பணம் செலவழித்தே தீர வேண்டுமென்றால் கியரில் செலவழியுங்கள். 10 சதவீதச் சரிவில் 100 கிலோவோடு 100 வாட் மிதித்தால் வேகம் மணிக்கு 3 கி.மீ. சொச்சம்தான். முன்பல்லும் பின்பல்லும் சம எண்ணிக்கையில் இருக்கும் கியரில், அந்த வேகத்துக்குப் பெடல் நிமிடத்துக்கு இருபத்து சொச்சம் சுற்றுதான் சுற்றும். அது மிதிப்பது அல்ல, முழங்காலை உடைப்பது. முன்னால் 30 பல், பின்னால் 50 பல் இருந்தால் நாற்பதை நெருங்கும், தள்ளாடியாவது போகலாம். அதற்கும் மேல் இறங்கித் தள்ளுவதில் வெட்கம் ஒன்றுமில்லை. அந்தச் சரிவில் ஓட்டுவதும் தள்ளுவதும் ஒரே வேகம்தான்.

## இண்டியானா பாஸ்: ஒரு முழுக் கணக்கு

கனடாவின் ஆல்பர்ட்டாவிலிருந்து அமெரிக்காவின் நியூ மெக்சிகோ எல்லைவரை, ராக்கி மலைகளின் நீர்ப்பிரிமுகட்டைக் குறுக்கும் நெடுக்குமாகக் கடந்து போகும் கிரேட் டிவைட் மவுன்டன் பைக் ரூட் என்று ஒரு பாதை இருக்கிறது. கிட்டத்தட்ட 5,000 கி.மீ. அட்வென்சர் சைக்கிளிங் அசோசியேஷன் என்ற அமைப்பு 1990களில் வரைந்தது. பெரும்பகுதி மண் சாலை. அதன் மிக உயர்ந்த இடம் கொலராடோவில் உள்ள இண்டியானா பாஸ் என்ற கணவாய், 3,630 மீட்டர். வடக்கிலிருந்து வருபவர் டெல் நார்ட்டே என்ற சிற்றூரிலிருந்து ஏற ஆரம்பிப்பார். அந்த ஊரே 2,400 மீட்டரில் இருக்கிறது. தூரம் 40 கி.மீ.க்குச் சற்றுக் குறைவு, ஏற்றம் 1,230 மீட்டர்.

நம் சூத்திரப்படி தூரத்துக்கு 2 மணி, ஏற்றத்துக்கு 3 மணி, ஆக 5 மணி நேர மிதி. சராசரிச் சரிவு 3 சதவீதம்தான் வருகிறது, பரவாயில்லையே என்று தோன்றும். சராசரியை நம்பாதீர்கள். ஆரம்பத்தில் ஓடைக்கரைத் தார்ச் சாலையில் மெல்லத்தான் உயரும். அங்கே மிச்சம் வைத்த ஏற்றத்தையெல்லாம் தார் முடிந்து மண் தொடங்கிய பிறகு வட்டியோடு வசூலித்துவிடும். அதுவும் காற்று மெலிந்த இடத்தில். 3,600 மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான், அதனால் மூச்சுக்கு மூச்சு கிடைக்கும் ஆக்ஸிஜனும் அதே விகிதத்தில் குறைவு. கீழே 100 வாட் மிதித்தவர் அங்கே 80க்குத் திணறுவார். எனவே 6 மணி என்று வையுங்கள், நிற்கும் நேரத்தோடு 7.

ஏழு மணி என்பது வெறும் எண் அல்ல. ஜூலை, ஆகஸ்டில் கொலராடோ மலைகளில் மதியத்துக்குமேல் இடியும் மின்னலும் அன்றாடம். மரவரம்புக்குப் (அதற்கு மேல் மரம் வளராத உயரம்) பக்கத்தில், திறந்த முகட்டில், இரும்புச் சைக்கிளோடு மதியம் இரண்டு மணிக்கு நிற்பது நல்ல யோசனை அல்ல. 12 மணிக்குக் கணவாய், 7 மணி நேரப் பயணம் என்றால் காலை 5 மணிக்குக் கிளம்ப வேண்டும். அதற்கு இஷ்டமில்லையா? முந்தின நாளே பாதி ஏறி வழியில் கூடாரம் போட்டுவிட்டு, மறுநாள் மீதியைக் காலையிலேயே முடிக்கலாம். எனக்குப் பிடித்த வழி இரண்டாவதுதான். திட்டமிடுவது என்றால் இதுதான்: ஏற்றத்திலிருந்து நேரம், நேரத்திலிருந்து கூடாரம் போடும் இடம். கிலோமீட்டர் கடைசியில் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

சாப்பாட்டுக்கும் இதே கணக்கிலிருந்து ஒரு எளிய வழி கிடைக்கிறது. நம் உடல் தின்றதில் நாலில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் பெடலுக்குக் கொடுக்கும், மீதி சூடாகப் போய்விடும். ஒரு கிலோகலோரி என்பது நாலு கிலோஜூல் சொச்சம். இரண்டும் ஒன்றையொன்று ஏறக்குறைய அடித்துக்கொள்வதால், பெடலில் செலவாகும் ஒரு கிலோஜூலுக்கு ஒரு கிலோகலோரி தின்றால் சரி. இந்த ஏற்றத்துக்கு, உருளும் செலவையும் சேர்த்து, 1,650 கிலோஜூல் அளவில் வரும். ஆக, வீட்டில் சும்மா இருந்தாலே தேவைப்படும் சாப்பாட்டுக்கு மேல் 1,650 கிலோகலோரி. கடலை மிட்டாயாக எடுத்துக்கொண்டாலும் முந்நூறு கிராமுக்கு மேல். முதல்முறை போகிறவர்கள் பெரும்பாலும் துணியை அதிகமாகவும் தீனியைக் குறைவாகவும் கட்டிக்கொண்டு போகிறார்கள்.

## செயலி காட்டும் ஏற்றத்தை எவ்வளவு நம்பலாம்?

ஒரே பாதையை இரண்டு செயலிகளில் போட்டுப் பாருங்கள், மொத்த ஏற்றம் இரண்டு விதமாகக் காட்டும். சில சமயம் வித்தியாசம் முந்நூறு நானூறு மீட்டர்கூட. காரணம் எளியது. செயலியிடம் இருப்பது உயரப் பட்டியல்: நிலத்தைச் சின்னச் சதுரங்களாகப் பிரித்து, சதுரத்துக்கு ஒரு உயரம் எழுதி வைத்தது. ஃபயர் ரோடோ மலைச்சரிவை வெட்டிப் போட்ட, நாலைந்து மீட்டர் அகல விளிம்பு. நீங்கள் வரைந்த கோடு பத்து மீட்டர் விலகினாலும் பக்கத்துச் சதுரத்தின் உயரம் வந்துவிடும். சமமாகப் போகிற சாலை செயலியின் கண்ணுக்கு ஏறி இறங்கி ஏறி இறங்கிப் போகும், அந்தப் பொய் ஏற்றமெல்லாம் கூட்டலில் சேரும். இதைச் சரிசெய்ய ஒரு செயலி மேடுபள்ளத்தை அதிகமாகத் தேய்த்து மழுப்பினால், நிஜமான சிறு ஏற்றங்களும் காணாமல் போகும்.

எந்தச் செயலி சரி என்று தேட வேண்டாம். ஒன்றை மட்டும் எப்போதும் பயன்படுத்துங்கள். ஏற்கெனவே ஓட்டிய ஒரு மலைப்பாதையை அதில் போட்டு, அதன் எண்ணையும் உங்கள் கால் சொன்னதையும் ஒப்பிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

## தண்ணீர்

நாளைத் திட்டமிடும்போது முதலில் தண்ணீர்ப் புள்ளிகளைக் குறித்துவிட்டு, பிறகு அவற்றுக்கு இடையே எத்தனை மணி நேரம் என்று பார்ப்பது நல்லது. எத்தனை கி.மீ. என்று அல்ல, எத்தனை மணி நேரம். 15 கி.மீ. இறக்கம் ஒரு மிடறு, 15 கி.மீ. வெயில் ஏற்றம் மூன்று லிட்டர். ஏறும்போது மணிக்கு அரை முதல் ஒரு லிட்டர், இரவுச் சமையலுக்கும் காலைக் காபிக்கும் சேர்த்து இரண்டு லிட்டர் என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தப்பாது. முகட்டில் தங்குவதானால் அந்த இரண்டு லிட்டரைக் கடைசி ஓடையிலிருந்தே தூக்கிக்கொண்டு ஏற வேண்டும். முன்பே பார்த்தோமே, அதன் விலை சில நிமிடங்கள்தான்.

அமெரிக்க நிலவியல் ஆய்வுத்துறையின் வரைபடத்தில் தொடர்ச்சியான நீலக் கோடு ஆண்டு முழுக்க ஓடும் ஓடை. கோடும் புள்ளியுமாக வெட்டுப்பட்ட நீலம் பருவத்துக்கு மட்டும் ஓடுவது. பனி உருகும் ஜூனில் வெட்டுப்பட்ட கோடுகள்கூடப் பாயும். செப்டம்பரில் அந்தப் பள்ளத்தில் வெள்ளைக் கூழாங்கல் கிடக்கும். யாரோ போட்ட பயணக் குறிப்பில் "இங்கே தண்ணீர் உண்டு" என்று பார்த்தால், அவர் எந்த மாதம் போனார் என்பதையும் பாருங்கள்.

கிடைத்த தண்ணீர் எல்லாம் குடிக்கும் தண்ணீர் அல்ல என்பதற்கு இண்டியானா பாஸையே சொல்லலாம். கணவாயைத் தாண்டியதும் சம்மிட்வில் என்ற பழைய தங்கச் சுரங்கம். சயனைடு கரைசலால் தங்கம் பிரித்த நிறுவனம் 1992 டிசம்பரில் திவாலாகிக் கைகழுவியது. கசிந்த அமிலமும் உலோகங்களும் அலமோசா ஆற்றில் கலந்து, 1994இல் மத்திய அரசின் அபாயக் கழிவிடப் பட்டியலில் அந்த இடம் சேர்ந்தது. சுத்திகரிப்பு நடந்துகொண்டே இருக்கிறது. சுரங்கத்தோடு நிற்கவில்லை, சுற்றியுள்ள மலையின் பாறையே இயற்கையாக அமிலத்தைக் கசியவிடுவது. அயர்ன் க்ரீக், ஆலம் க்ரீக், அதாவது இரும்பு ஓடை, படிகார ஓடை என்று வரைபடத்திலேயே எழுதியிருக்கிறது. கல்லெல்லாம் துருப்பிடித்த ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். கையில் இருக்கும் வடிகட்டி கிருமியைப் பிடிக்கும், கரைந்த உலோகத்தைப் பிடிக்காது. கொதிக்க வைத்தாலும் போகாது. எனவே கணவாய்க்கு இந்தப் பக்கமே பாட்டில்களை நிரப்பிக்கொண்டு, ஸ்டன்னர் பாஸ் என்ற அடுத்த கணவாயையும் தாண்டி, பிளாட்டோரோ பக்கம் கொனேஹோஸ் ஆறு வரும்வரை ஓட்ட வேண்டும். "ஓடை இருக்கிறது" என்ற ஒரே தகவலை வைத்துத் திட்டமிட்டவர் இங்கேதான் மாட்டிக்கொள்வார்.

வடிகட்டி பற்றி இன்னொன்று. நுண்குழல் வகை வடிகட்டி ஒருமுறை நனைந்தபின் உறைந்துபோனால் உள்ளே குழல்களில் விரிசல் விட்டுவிடும். வெளியே பார்த்தால் தெரியாது, தண்ணீரும் வழக்கம்போல வரும், கிருமியும் கூடவே வரும். 3,000 மீட்டருக்கு மேல் ஆகஸ்டிலும் இரவு உறையலாம். தூங்கும்போது அதைத் தூக்கப் பைக்குள் காலடியில் போட்டுக்கொள்ளுங்கள்.

சுருக்கமாக: ஏற்றம் நாளின் நேரத்தைச் சொல்கிறது. தண்ணீர் அந்த நாளை எங்கே துண்டு போடுவது என்று சொல்கிறது. இரண்டும் பொருந்தும் இடம்தான் கூடாரம்.

## இறக்கத்தில் போகும் சூடு

மேலே தூக்கிய 980 கிலோஜூல் எங்கும் போகவில்லை, இறங்கும்போது திரும்பி வரும். மலை இறக்கத்தில் அதில் கணிசமான பகுதி பிரேக்கில் சூடாகத்தான் தீரும். மூன்று லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் சூடு அது. கலிஃபோர்னியாவின் ஃபேர்ஃபாக்ஸ் அருகே ஒரு ஃபயர் ரோட்டில், மூன்றரை கி.மீ.க்குள் 400 மீட்டர் இறங்கும் சரிவில், 1976 முதல் சில பையன்கள் பழைய கனத்த சைக்கிள்களில் பந்தயம் விட்டார்கள். பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பிரேக். ஒரு தடவை இறங்கினால் சக்கர அச்சுக்குள் இருக்கும் கிரீஸ் புகையாகப் போய்விடும், மறுபடி அடைத்தால்தான் அடுத்த ஓட்டம். அதனால் பந்தயத்துக்கே ரீபேக் என்று பேர். மவுன்டன் பைக் பிறந்த கதையில் அந்தச் சாலைக்குப் பெரிய இடம் உண்டு.

இன்றைய டிஸ்க் பிரேக் அவ்வளவு மோசமில்லை. ஆனாலும் லேசாகப் பிடித்தபடியே கீழ்வரை வராதீர்கள். அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்து, விட்டு, காற்றில் ஆறவிட்டு, மறுபடி பிடியுங்கள். பிரேக் பேட் ஒரு ஜோடி கூடுதலாக வைத்திருங்கள், ஈரமான சரளை அதைச் சோப்புப் போலக் கரைக்கும்.

## கேட்டும் சட்டமும்

அமெரிக்கத் தேசியக் காடுகளில் மோட்டார் வண்டிகள் எங்கே போகலாம் என்று காட்டும் கருப்புவெள்ளை வரைபடத்தை வனத்துறை இலவசமாகவே தருகிறது. அதில் இல்லாத சாலை மோட்டாருக்கு மூடியது, சைக்கிளுக்கு மூடியது என்று அர்த்தமில்லை. பூட்டிய கேட்டுக்கு அப்பால் வண்டித் தூசி இல்லாத அருமையான சாலைகள் சில இப்படித்தான் கிடைக்கும். அந்தந்த வனச்சரக அலுவலகத்துக்குத் தொலைபேசியில் கேட்டுவிடுவது உத்தமம், பனி உருகிவிட்டதா, பாலம் இருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.

ஆனால் வைல்டர்னஸ், அதாவது இயற்கையாகவே விட்டுவைக்கும் காடு, என்று எல்லை போட்ட பகுதிக்குள் சைக்கிளுக்கு அனுமதி கிடையாது. 1964ஆம் ஆண்டுச் சட்டம் அங்கே எந்த இயந்திரப் போக்குவரத்தையும் தடுக்கிறது, சைக்கிளும் அதில் அடக்கம். இண்டியானா பாஸுக்குத் தெற்கே சவுத் சான் வான் வைல்டர்னஸ் அப்படிப்பட்டது. செயலியிடம் குறுக்குவழி கேட்டால் நடைபாதையாக அதற்குள் இழுத்துவிடும். காட்டுக்குள் கண்ட இடத்தில் கூடாரம் போட பொதுவாகத் தடையில்லை, ஒரே இடத்தில் 14 நாள் என்ற வரம்பு பல காடுகளில் உண்டு. தீ மூட்டுவது மட்டும் வாரத்துக்கு வாரம் மாறும் சங்கதி, கிளம்பும் அன்று பாருங்கள்.

தீக்காலத்தில் சாலை அதன் சொந்தக்காரர்களுக்குத் திரும்பிப் போய்விடும். 2020 செப்டம்பரில் கலிஃபோர்னியாவின் 18 தேசியக் காடுகளையும் ஒரே சமயத்தில் மூடினார்கள். மாதக்கணக்கில் போட்ட திட்டமானாலும் மூடிய காட்டுக்குள் நுழையக் கூடாது. தமிழ்நாட்டில் இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று: மேற்குத் தொடர்ச்சி மலைத் தீத்தடுப்புக் கோடுகள் பார்வைக்கு இதே மாதிரி இருந்தாலும், வனத்துறை அனுமதி இல்லாமல் காப்புக்காட்டுக்குள் சைக்கிள் கொண்டுபோக முடியாது. 2018 மார்ச்சில் குரங்கணியில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள்.

## எங்கே மாட்டிக்கொண்டால் வெளியே வர அதிக நேரம் ஆகும்?

பாதையை வரைந்து முடித்தபின் இந்த ஒரு கேள்வியை அதன் ஒவ்வொரு பகுதியிலும் கேட்டுப் பாருங்கள். ஒற்றைக் கணவாயில் ஆபத்து குறைவு. ஏறும்போது செயின் அறுந்தால் திரும்பி உருண்டு ஊருக்கு வந்துவிடலாம், தாண்டியபின் அறுந்தால் முன்னால் உருளலாம். சிக்கல் இரண்டு கணவாய்களுக்கு நடுவிலான பள்ளத்தில். முன்னாலும் ஏற்றம், பின்னாலும் ஏற்றம், மொபைலில் சிக்னல் கிடையாது. மேலே சொன்ன பகுதியில் அது இண்டியானா பாஸுக்கும் ஸ்டன்னர் பாஸுக்கும் இடைப்பட்ட இடம், குடிக்கக்கூடாத தண்ணீர் ஓடுவதும் அங்கேதான். செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் சின்னக் கருவி, கூடுதல் செயின் இணைப்பு, டயர் கிழிந்தால் உள்ளே வைக்க ஒரு துண்டு எல்லாம் எதற்கு என்பது அந்த இடத்தை வரைபடத்தில் கண்டதும் தெரியும். அங்கிருந்து ஆற்றை ஒட்டிக் கிழக்கே இறங்கும் சாலையையும் குறித்துவையுங்கள். உங்கள் வழியில் அது வராது, ஆனால் அது ஒன்றுதான் ஏற்றமில்லாத வழி.

முதல் பயணத்துக்கு இவ்வளவு தூரம் போக வேண்டாம். ஒரே ஒரு ஏற்றம், மேலே ஒரு இரவு, காலையில் அதே வழியில் இறக்கம். கணக்குச் சரியா, தண்ணீர் போதுமா, தீனி மிஞ்சியதா என்று மூன்றையும் அதிலேயே பார்த்துவிடலாம்.

கடைசியாக, எந்தச் சூத்திரத்துக்கும் அடங்காத ஒன்று, களிமண். கொலராடோவிலிருந்து நியூ மெக்சிகோவுக்குள் இறங்கியபின், அபிகியூ ஊருக்குத் தெற்கே ஏறும் போல்வடேரா மேசா போன்ற இடங்களில் காய்ந்த மண் சிமென்ட் மாதிரி இருக்கும், ஜோராக ஓட்டலாம். ஒரு மழை பெய்தால் நூறு மீட்டருக்குள் டயரில் ஒட்டி, முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கில் அடைத்து, சக்கரம் சுற்றவே சுற்றாது. தள்ளவும் வராது. குச்சியால் வழித்தால் அடுத்த பத்தடியில் மறுபடி அதே கதை. தோளில் தூக்கினால் சைக்கிளோடு பத்துக் கிலோ சேறும் சேர்த்துத் தூக்க வேண்டும், கியரைத் திருகிப் பிடுங்கிவிடும் அபாயம் வேறு. வெயில் வந்து சில மணி நேரத்தில் காய்ந்துவிடும், அதுவரை உட்கார்ந்திருப்பதுதான் ஒரே வழி. அதற்காகத்தான் திட்டத்தில் ஒரு நாள் சாப்பாட்டைக் கூடுதலாக வைக்கிறோம்.